சதுப்புநிலக் காடா, கண்டல் காடா?

"பள்ளிக்கரணையில காடு எங்க சார் இருக்கு?" என்று நண்பர் கேட்டார். 'சென்னையின் சதுப்புநிலக் காடுகள்' என்று எதிலோ படித்திருக்கிறார். பள்ளிக்கரணையில் இருப்பது சதுப்பு நிலம். கோரையும் சம்பும் மண்டிய இடம். அவர் படித்த காடோ எண்ணூர்க் கழியில், கொசஸ்தலையாறு கடலில் சேருமிடத்தில் இருக்கிறது. மாங்குரோவ் மரக் காட்டுக்குச் 'சதுப்புநிலக் காடு' என்ற பெயரை ஒட்டவைத்ததால் வந்த வினை இது. ஓதம் (கடலின் ஏற்ற நீர்) ஏறி வற்றும் உப்புக் கழியில் வளர்வதுதான் இம்மரத்தின் அடையாளம். பெயரில் அந்த உப்பும் இல்லை, ஓதமும் இல்லை.

மாங்குரோவ் மட்டும் ஒழுங்கான சொல்லா என்ன! போர்த்துக்கீசிய 'மாங்கே' ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, அதன் வால் தோப்பைக் குறிக்கும் 'குரோவ்' ஆகத் திரிந்துவிட்டது என்பார்கள்.

நம்மிடம் இருக்கும் பழைய சொல் கண்டல். சங்கப் பாடல்களில், கழி சூழ்ந்த நெய்தல் ஊர்களுக்குக் 'கண்டல் வேலி' உண்டு. அகராதிகள் கண்டலுக்குத் தாழை என்றும் பொருள் தருவதால், பாட்டில் வருகிற ஒவ்வொரு கண்டலையும் மாங்குரோவ் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மலையாளத்தில் இன்றும் கண்டல் என்றால் இந்த மரம்தான். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரரான வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' வழியே அந்தச் சொல் ஐரோப்பாவுக்குப் போய், 'கண்டேலியா' என்று ஒரு மரப் பேரினத்துக்கே பெயராகிவிட்டது. தாவரவியலார் எடுத்துக்கொண்ட சொல்லை நாம் கைவிட்டதுதான் வேடிக்கை.

முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்திக் காடு என்பார்கள். அலையை ஆற்றுவது அலையாற்றி. காற்று 'காத்து' ஆவதுபோல அது அலையாத்தி ஆயிற்று. காபியை ஆத்துகிறோமே, அதே ஆத்துதல்தான். ஆத்தி மரத்துக்கும் இதற்கும் உறவில்லை. பிச்சாவரத்தில் கேட்டால் சுரபுன்னை என்பார்கள். அது முட்டுக்கொடுத்தாற்போல வேர் ஊன்றி நிற்கும் ஒரு வகைக்கு மட்டும் உரிய பெயர். தில்லையும் இந்தக் கூட்டத்து மரம்தான், சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த மரம்.

என் வழக்கம், மரத்தைக் கண்டல் என்பதும் காட்டை அலையாத்திக் காடு என்பதும். சதுப்பு நிலம் என்ற சொல்லைப் பள்ளிக்கரணைக்கே விட்டுவிடலாம்.

சென்னைக் கழிகளில் அதிகம் தென்படுவது வெண்கண்டல். ஓதம் வற்றிய நேரத்தில் பார்த்தால், மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றுக்குள் காற்றில்லாததால் மூச்சுவிட வெளியே வந்தவை அவை. நடுவே ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டு அதை ஆட்டிக்கொண்டு நிற்கும். உளுவை மீன் துடுப்பை ஊன்றிச் சேற்றில் தாவும். இலையைத் திருப்பினால் அடிப்புறம் வெளுத்திருக்கும். மேற்புறத்தில் மாவு தூவியதுபோல ஏதோ மின்னும். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். வேர் வழியே ஏறிய உப்பை மரம் இலை வழியே கக்கி வைத்திருக்கிறது.