அக்ரோசோம்: தமிழில் உச்சியுடலம்

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் விந்தணுவின் படம் வரைந்தவர்கள், அதன் தலைக்கு மேலே அம்புக்குறி போட்டு எழுதிய சொல் அக்ரோசோம். கிரேக்கத்தில் 'அக்ரோன்' என்றால் உச்சி, நுனி. 'சோமா' என்றால் உடல். ஏதென்ஸ் நகரின் அக்ரோபோலிஸில் இருப்பதும் இதே அக்ரோன்தான், மேட்டின் உச்சியில் அமைந்த நகர் என்று பொருள்.

விந்தணுவின் தலை சுமார் 5 மைக்ரோமீட்டர் நீளம். அதன் முன்பாதியை உட்கருவுக்கு மேல் குல்லாய் போல மூடியிருக்கிறது இந்தப் பை. விந்தணு உருவாகும்போது, செல்லுக்குள் இருக்கும் கோல்கை உறுப்பிலிருந்து வருவது இது. உள்ளே ஹயலுரோனிடேஸ், அக்ரோசின் முதலிய நொதிகள் இருக்கின்றன.

கருமுட்டையை நெருங்கும் வேளையில் கால்சியம் அயனிகள் உள்ளே பாய, பையின் வெளிச்சவ்வும் விந்தணுவின் மேல்சவ்வும் அங்கங்கே ஒட்டித் திறந்துகொள்ளும். நொதிகள் வெளியேறும். இதுதான் அக்ரோசோம் வினை. கடல் முள்ளெலியின் விந்தணுக்களில் இதைக் கண்டு 1952இல் எழுதியவர், ஜப்பானில் வாழ்ந்த உயிரியலாளர் ஜீன் கிளார்க் டான்.

சரி, நொதி முட்டையின் உறையைக் கரைக்கிறது, விந்தணு நுழைகிறது, அவ்வளவுதானா? இல்லை. அக்ரோசின் இல்லாத ஆண் எலிகளுக்கும் குட்டிகள் பிறக்கின்றன என்று 1994இல் தெரியவந்தது. வால் வீசித் தள்ளும் விசைக்கும் பெரிய பங்கு உண்டு. அப்புறம், பை திறந்த பிறகுதான் 'இசுமோ' என்ற புரதம் விந்தணுவின் பரப்பில் வெளிப்படுகிறது. 2005இல் கண்டறிந்த அதற்கு, திருமணப் பேற்றுக்குப் பெயர்போன ஜப்பானியக் கோயிலின் பெயரையே வைத்தார்கள். முட்டையில் அதைப் பற்றிக்கொள்ளும் புரதம் 2014இல் அகப்பட்டது. அதற்கு ரோமானியர்களின் திருமணத் தெய்வம் 'ஜூனோ'வின் பெயர். இந்த இரண்டும் சேராவிட்டால் கரு இல்லை.

அதனால்தான் தமிழில் 'துளைப்பான்', 'ஊடுருவி' என்று வேலையை வைத்துப் பெயரிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. துளைப்பது அதன் வேலையில் ஒரு பகுதிதான். இருக்கும் இடத்தை வைத்துச் சொல்வதே நிலைக்கும். 'முனை' என்றால் கூர்மை தொனிக்கிறது, இதுவோ மழுங்கலான மூடி. தலைக்கு உச்சி என்பதுதான் நம் பேச்சு. இலங்கையில் குரோமோசோமை நிறமூர்த்தம் என்பார்கள். அந்த வழியில் உச்சிமூர்த்தம் எனலாம், தமிழ் வேரிலேயே வேண்டுமென்றால் உச்சியுடலம். என் தேர்வு உச்சியுடலம்தான். உச்சியுடல வினை, உச்சியுடலச் சவ்வு என்று தொடர்களும் தடையின்றி வருகின்றன.

சிலருக்கு இந்த உச்சியுடலமே இல்லாமல், உருண்டைத் தலையோடு விந்தணுக்கள் உருவாவதுண்டு. இக்குறைக்கு குளோபோசூஸ்பெர்மியா என்று பெயர். அவை தாமாக முட்டைக்குள் போக முடியாது. இக்சி முறையில் ஊசியால் உள்ளே செலுத்தினாலும், முட்டையை விழிக்கச் செய்யும் புரதமும் பெரும்பாலும் இவற்றில் குறைவு என்பதால், மருத்துவர்கள் முட்டையைத் தனியாகத் தூண்டிவிட வேண்டியிருக்கிறது.