எட்டு டிரைவ், ஒரு கணினி: சிடிகளை மொத்தமாக ரிப் செய்யும் இயந்திரம்

அலமாரியில் ஆயிரம் இசை சிடிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிடியைக் கவனமாகப் படித்து ஹார்டு டிஸ்க்கில் ஏற்ற, அதாவது ரிப் செய்ய, எட்டு நிமிடம் ஆகிறது. ஒரே டிரைவ் என்றால் மொத்தம் 133 மணி நேரம். தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் இரண்டு மாதத்துக்கு மேல் இழுக்கும். பாதியில் கைவிட இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

சிடிகளோ நமக்காகக் காத்திருப்பதில்லை. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் இருந்த பிடிஓ என்ற சிடி ஆலை 1988 முதல் 1993 வரை தயாரித்த வட்டுகளில் பல, விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பழுப்பேறிக் கெட்டுப்போயின. அட்டைத் தாளில் இருந்த கந்தகத்தை மேற்பூச்சு தடுக்கவில்லை; உள்ளே இருந்த உலோகப் படலத்தை அது அரித்துவிட்டது. வீட்டிலும் ஸ்டுடியோவிலும் பதிவு செய்த சிடிகளின் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் வெப்பமும் பட்டால் அது மெல்ல வெளிறும்.

ஒரே டிரைவை இன்னும் வேகமாக ஓட்டினால் என்ன? பாட்டு ஒலிக்கும் வேகத்தைப் போல 52 மடங்கு என்று பெட்டியில் போட்டிருக்கும் டிரைவ், வட்டை நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 முறை சுழற்றுகிறது. அதற்கு மேல் போனால் பாலிகார்பனேட் வட்டே சிதறக்கூடும். அந்த 52 மடங்கும் வெளிவிளிம்பில் மட்டும்தான் கிடைக்கும். சிடியோ உள்பக்கத்தில் தொடங்கி வெளியே போவது. போதாக்குறைக்கு, வேகம் கூடக்கூட இசை சிடியில் பிழைகளும் கூடுகின்றன. எனவே வேகம் வேண்டுமென்றால் பல டிரைவ்களை நிதானமாக ஓட்டுவதே வழி.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இசை சிடியில் கோப்பு என்று எதுவும் இல்லை. விநாடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்த எண்கள்), அவை 75 துண்டுகள், ஒவ்வொரு துண்டிலும் 2,352 பைட். தரவு சிடியில் இதே 2,352 பைட்டில் 2,048 மட்டுமே தரவு. மீதியில் துண்டின் முகவரியும் கூடுதல் பிழைதிருத்தமும் இருக்கும். இசை சிடியில் அந்த இடத்தையும் இசையே எடுத்துக்கொண்டது. 1980இல் விதிகளை வகுத்தவர்கள் மனத்தில் இருந்தது இசைக்கருவி, கணினி அல்ல. அதனால் இசை சிடியில் ஒரு குறிப்பிட்ட துண்டுக்குப் போ என்றால், டிரைவ் அதன் அருகே எங்காவது போய் இறங்குகிறது. சிடிபேரனாயா போன்ற மென்பொருள்கள் இதைச் சமாளிக்க, படித்த பகுதியின் கடைசிப் பகுதியையே மீண்டும் படித்து, இரண்டும் பொருந்தும் இடம் பார்த்துத் தைக்கின்றன.

இதைவிடச் சிக்கலானது, டிரைவ் சொல்வதை அப்படியே நம்ப முடியாது என்பது. சிடியின் பிழைதிருத்த முறை, தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் தொடர்ந்து அழிந்துபோனாலும் இழந்ததை முழுமையாக மீட்டுவிடும். இதை எண்ணி நான் வியக்காத நாள் குறைவு. அந்த எல்லையைத் தாண்டினால், முன்னும் பின்னும் உள்ள மதிப்புகளைப் பார்த்து இடையில் ஓர் உத்தேச மதிப்பை டிரைவே இட்டு நிரப்பிவிடும். காதுக்குத் தெரியாது. ஆனால் நம் நகலில் அது மூலத்தில் இல்லாத எண்.

பல டிரைவ் வைத்திருப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது. ஜெர்மனியின் ஆந்த்ரே வீத்ஹோஃப் எழுதிய எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள்கள், நம் நகலிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணை, பலரும் எடுத்த நகல்களின் எண்களைச் சேர்த்து வைத்திருக்கும் அக்யூரேட்ரிப் தரவுத்தளத்தோடு ஒப்பிடும். உலகின் வேறு மூலையில் வேறு ஒருவர் வேறு டிரைவில் எடுத்ததும் அதே எண் என்றால் நகல் சரி. குறைந்த பிரதிகளே வெளிவந்த ஒரு கச்சேரிப் பதிவுக்கு அந்தத் துணை கிடைக்காமல் போகலாம். அப்போது இரு வேறு நிறுவனங்களின் டிரைவ்களில் படித்து நாமே ஒப்பிடலாம். எட்டையும் ஒரே மாடலாக வாங்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்: ஒன்று திணறும் கீறலை இன்னொன்று எளிதாகக் கடக்கும். ஒப்பிடும் முன் ஒரு திருத்தம் தேவை. ஒவ்வொரு மாடலும் சற்றுத் தள்ளியே படிக்கத் தொடங்கும்; சிலவற்றில் இந்த விலகல் 6 மாதிரிகள், சிலவற்றில் 667. விநாடியில் நூற்றில் ஒன்றரைப் பங்குதான். ஆனாலும் அதைச் சரிசெய்யாவிட்டால் எண்கள் பொருந்தாது.

இனி கணினி. செயலி பற்றிக் கவலை வேண்டாம். ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றுவது இன்றைய சாதாரணச் செயலிக்கே எளிய வேலை. வேலைக்கான இடமாக, சுழலும் பாகம் இல்லாத ஒரு எஸ்எஸ்டி சேமிப்பகம் இருந்தால், எட்டு ஓடைகளும் ஒரே நேரத்தில் எழுதும்போது தடுமாற்றம் இருக்காது. மதர்போர்டில் டிரைவ்களை மாட்டும் சாட்டா இணைப்புகள் பெரும்பாலும் நான்கோ ஆறோதான். மீதிக்குக் கூடுதல் அட்டை வேண்டும். சர்வர்களுக்கான பல அட்டைகள் ஹார்டு டிஸ்க்கை ஏற்கும், சிடி டிரைவை ஒழுங்காக ஏற்காது. வாங்கும் முன் விசாரிக்க வேண்டும். யுஎஸ்பி வழியாகவும் இணைக்கலாம். ஆனால் வெளியில் மாட்டும் டிரைவ்களில் பல யுஎஸ்பி 2.0 வகை. யுஎஸ்பி 3.0 ஹப்பில் செருகினாலும் அவை எல்லாம் அதிலுள்ள பழைய கம்பிகளில், விநாடிக்கு 480 மெகாபிட் என்ற ஒரே பாதையைப் பங்குபோட்டுக்கொள்ளும். நிதானமாகப் படிக்கும் இசை சிடிகளுக்கு அது போதும். இதே இயந்திரத்தில் டிவிடிகளைப் படித்தால், 16 மடங்கு வேகத்தில் ஒவ்வொன்றும் விநாடிக்கு 22 மெகாபைட் கேட்கும். இரண்டே டிரைவில் பாதை நிரம்பிவிடும். மின்சாரத்திலும் கவனம் வேண்டும். டிரைவ் சுழன்று வேகம் பிடிக்கும் விநாடிகளில்தான் அதிகம் இழுக்கும். எட்டும் ஒன்றாகக் கிளம்பினால் மலிவான பவர் சப்ளை தாங்காது.

எட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? தோசை மாஸ்டரைப் பாருங்கள்: ஒன்று வேகும் நேரத்துக்குள் எத்தனை ஊற்றித் திருப்ப முடியுமோ, அத்தனை தோசைக்குத்தான் அவருக்குக் கல் வேண்டும். சிடி வெளியே வந்ததும் அதை உறையில் போட்டு, அடுத்ததைத் துடைத்து, தட்டில் வைத்து, பெயர் சரிதானா என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகும். ரிப் செய்ய எட்டு நிமிடம். ஆக எட்டு டிரைவை ஓர் ஆள் சற்று மூச்சுவிட்டே பார்த்துக்கொள்ளலாம். பத்தாவது டிரைவ் வாங்கினால் அது வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். இந்தக் கணக்கில் எட்டு டிரைவில் ஆயிரம் சிடிக்கு ஏறத்தாழ 19 மணி நேரம் போதும்.

லினக்ஸில் ஒவ்வொரு டிரைவுக்கும் தனி எண் உண்டு. வட்டு உள்ளே போனதும் அந்த டிரைவுக்குரிய நிரல் தானே ஓடத் தொடங்கி, முடிந்ததும் தட்டை வெளியே தள்ளும்படி அமைத்துவிடலாம். பாடல்களின் பெயர் சிடியில் பெரும்பாலும் இருக்காது; தடங்கள் தொடங்கும் இடங்களிலிருந்து ஓர் அடையாள எண்ணைக் கணக்கிட்டு மியூசிக்பிரெய்ன்ஸ் தளத்தில் தேடுவார்கள். தமிழ்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டல் அங்கே ஆளுக்கு ஒரு விதமாக இருப்பதால், அட்டையின் படத்தையும் கூடவே எடுத்து வைப்பது நல்லது.

தேறாத சிடிகளைத் தனியே அடுக்குங்கள். அவற்றுக்காக வரிசையை நிறுத்த வேண்டாம். பிறகு மெல்லிய துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்து வேறு டிரைவில் போடுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடி, தொடர்ச்சியாகத் தகவலை அழிக்கும். குறுக்கே விழுந்த கீறலைப் பிழைதிருத்தம் தாண்டிவிடும். அதிலும் தேறாத தடங்களின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அதே சிடியின் இன்னொரு பிரதி யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.