ஸ்பெஷாலிட்டி: சிறப்பா, துறையா, பிரிவா?

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பெரிய மருத்துவமனைப் பலகைகளில் ‘மல்டி ஸ்பெஷாலிட்டி’ என்று இருக்கும். ஆனால் ஓபி வரிசையில் நிற்பவர் வாயில் அந்தச் சொல் வருவதில்லை. “எலும்பு டாக்டர் இன்னிக்கு உண்டா?”, “குழந்தை டாக்டர் எந்த ரூம்?” என்றுதான் கேட்பார். நோயாளியின் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும்போதுதான் அந்தச் சொல்லுக்குக் கறாரான பொருள் தேவைப்படுகிறது.

சொல்லின் வேர் இலத்தீன். ‘ஸ்பெக்கெரே’ என்றால் பார்த்தல். அதிலிருந்து தோற்றம், பிறகு வகை என்ற பொருளில் ‘ஸ்பீசீஸ்’ வந்தது. ஒரு வகைக்கே உரியது என்ற பொருளோடு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஆகவே ‘உயர்ந்தது’ என்பது இதன் அடிப்பொருள் அல்ல. இலக்கணத்தில் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்கிறோமே, அந்தச் ‘சிறப்பு’தான் இதற்குப் பொருந்தும், சிறப்பு தரிசனத்தின் ‘சிறப்பு’ அல்ல.

‘சிறப்பு மருத்துவம்’ என்று பெயர்த்தால் ஒரு சிக்கல் உண்டு. சித்த மருத்துவப் பட்டமேற்படிப்பில் அதே பெயரில் தனிப் பிரிவு இருக்கிறது. கணினிப் பட்டியலில் இரண்டும் மோதும்.

‘துறை’ இன்னும் பொருத்தமான சொல். ஒகேனக்கல் பரிசல் துறையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஆறு ஒன்றே, இறங்கும் இடங்கள் பல. ஒன்றில் முற்றத் தேர்வதைப் பழந்தமிழ் ‘துறைபோதல்’ என்றது. நம் பரிந்துரை ‘சிறப்புத்துறை’. மல்டி ஸ்பெஷாலிட்டிக்குப் ‘பன்னோக்கு’ பரவிவிட்டது. பல பயன்களுக்கானது என்ற மயக்கம் அதில் இருப்பதால் ‘பல்துறை’ என்பதே தெளிவு.

ஆங்கிலத்தின் அந்த ஒரே சொல் மூன்று விஷயங்களை மூடிவிடுகிறது. டாக்டர் என்ன படித்தார் என்பது தகுதி. இந்த மருத்துவமனையில், இந்தக் காலத்தில் எந்தத் துறை மருத்துவராகப் பணிபுரிகிறார் என்பது சிறப்புத்துறை. நோயாளி போய் உட்கார்ந்த ஓபி எது என்பது பிரிவு. மூன்றையும் ஒரே கட்டத்தில் திணிப்பதுதான் பெரும்பாலான மென்பொருள்களில் நடக்கும் முதல் தவறு.

ஒரு டாக்டர் 2019-இல் எம்.பி.பி.எஸ். முடித்து, பாலக்கோடு பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொதுப் பணியில் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 2023-இல் தோல் மருத்துவத்தில் எம்.டி. முடித்துத் தர்மபுரிக்கு வருகிறார். கணினியில் அந்த டாக்டருக்கான வரியில் இருக்கும் ‘ஸ்பெஷாலிட்டி’ கட்டத்தை யாரோ ‘தோல்’ என்று மாற்றுகிறார்கள். பழைய சீட்டுகளும் அதே வரியைத்தான் சுட்டுகின்றன. அந்த நொடியிலேயே 2019-இல் அவர் பார்த்த காய்ச்சல் சீட்டுகளெல்லாம் தோல் மருத்துவர் பார்த்ததாகிவிடும். பழைய மாத அறிக்கையைத் திரும்ப எடுத்தால் எண்ணிக்கை ஒத்துப்போகாது.

சரியான அமைப்பு இது. டாக்டருக்கு ஒரே வரி. மருத்துவக் கவுன்சில் பதிவு எண் அதில். தகுதிகள் அவருக்குக் கீழே, பட்டம், ஆண்டு சேர்த்து. பணிநிலைக்குத் தனி அட்டவணை: டாக்டர், மருத்துவமனை, சிறப்புத்துறை, தொடங்கிய நாள், முடிந்த நாள். துறை மாறினால் பழைய வரியைத் திருத்தக்கூடாது. முடிவு நாள் போட்டுப் புது வரி திறக்க வேண்டும். காலையில் பென்னாகரம் அரசு மருத்துவமனை, மாலையில் காவேரிப்பட்டணத்தில் தனி கிளினிக் என்றால் இரண்டு வரிகள். நோயாளியின் வருகைப் பதிவு டாக்டரை அல்ல, அந்தப் பணிநிலை வரியைச் சுட்ட வேண்டும். மருத்துவத் தகவல்களைக் கணினிகள் பரிமாறிக்கொள்வதற்கான எஃப்.எச்.ஐ.ஆர். (FHIR) தரநிலையும் இப்படித்தான் பிரிக்கிறது: தகுதி ‘பிராக்டிஷனர்’ பதிவில், சிறப்புத்துறை ‘பிராக்டிஷனர்ரோல்’ பதிவில்.

அதே தோல் டாக்டர் இரவுப் பணியில் பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து போடுகிறார். அந்த வருகையின் பிரிவு ‘அவசர சிகிச்சை’. டாக்டரின் துறையை வைத்துக் கணினி தானாக நிரப்பினால், பாம்புக்கடி தோல் கணக்கில் ஏறும். அவசரப் பிரிவுக்கு மருந்து இருப்பு கேட்கும்போது ஆதாரம் குறையும். இதைச் சின்னப் பிழை என்று விடக்கூடாது.

துறைப் பெயரைக் கையால் தட்டச்ச விடவே கூடாது. ‘ஆர்த்தோ’, ‘எலும்பு’, ‘ஆர்த்தோபெடிக்ஸ்’ மூன்று துறைகளாகிவிடும். ‘எலும்பு’க்கு எழுதிய பரிந்துரைச் சீட்டு ‘ஆர்த்தோ’ வரிசையில் தெரியாது. குறியீட்டுப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைக்க வேண்டும். இந்தியாவின் 2016 மின்னணு மருத்துவப் பதிவேட்டுத் தரநிலை ஸ்னோமெட் சிடி (SNOMED CT) என்ற மருத்துவச் சொற்களின் குறியீட்டுத் தொகுப்பைப் பரிந்துரைக்கிறது. அதில் இதயவியல் 394579002, கண் மருத்துவம் 394594003.

மருத்துவ முறைக்கும் தனிக் கட்டம் வேண்டும். ‘குழந்தை மருத்துவம்’ அலோபதியிலும் உண்டு, சித்தாவிலும் உண்டு. முறையைக் கேட்காமல் தேடினால் இருவரும் கலந்து வருவார்கள். குழந்தைக்கு ஊசி போட வந்த தாய் வேறு அறை வாசலில் காத்திருப்பார்.

குறியீடு ஒன்றாக இருந்தால் போதும், திரையில் தெரியும் பெயர் பலவாக இருக்கலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கு, கன்னடப் பெயர்களையும் அதே குறியீட்டில் இணைக்கலாம். மருத்துவர் திரையில் ‘எலும்பு முறிவு மருத்துவம்’ என்றிருக்கட்டும். ஓபி சீட்டில் ‘எலும்பு டாக்டர், அறை 7’ என்றே அச்சாகட்டும்.