ஃப்ளாஸ்க்கில் என்ன இருக்கிறது?

அந்த அங்கிள் மூன்றாவது கீமோவுக்கு வந்திருந்தார். நுரையீரல் புற்றுநோய். சிஸ்பிளாட்டின், பெமெட்ரெக்செட் என்ற இரண்டு கீமோ மருந்துகள் ஒவ்வொரு முறையும் கொடுக்கப்பட்டன. அன்று காலை எடுத்த ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்தது; சிறுநீரகம் தளர்கிறது என்பதற்கு அது அடையாளம். அந்த நிலையில் சிஸ்பிளாட்டின் கலக்க எனக்குக் கை வரவில்லை. மருந்தறையிலிருந்து நேராக வார்டுக்குப் போய் அவர் மனைவியிடம் கேட்டேன்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறாரா ஆண்டி?"

"இல்லம்மா."

கட்டிலுக்கு அடியில் ஒரு ஃப்ளாஸ்க். இதில் என்ன என்று கேட்டதும் தயங்காமல் மூடியைத் திறந்து காட்டினார். கறுப்பாக, மண்வாடையோடு கஷாயம். "இது மருந்தில்லம்மா, சின்சே குடுத்த வேரு. ஒடம்பு தாங்கணும்ல."

சின்சே என்றால் சீன வைத்தியர். பினாங்கில் புற்றுநோய் மருந்தாளராக வேலை பார்க்கும் எனக்கு இந்தப் பதில் பழக்கமானதுதான். ஆண்டி எதையும் மறைக்கவில்லை; நான் கேட்ட விதம் தப்பு. இப்போதெல்லாம் "வீட்ல என்ன அவிச்சுக் குடிக்கிறீங்க?" என்றுதான் கேட்கிறேன்.

மூலிகை என்றாலே முகம் சுளிப்பவள் இல்லை நான். நுரையீரல் புற்றுநோய்க்குத் தரும் வினோரெல்பின் நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. டோபோடெக்கான் என்ற இன்னொரு கீமோ மருந்துக்கு மூலம் ஒரு சீன மரம். சீன மருத்துவமனைகளில் கீமோவோடு கஷாயமும் சேர்த்தே கொடுக்கிறார்கள். உடலின் எதிர்ப்பாற்றலைத் தாங்கிப் பிடிப்பது அவர்கள் நோக்கம். அதில் அதிகம் சேர்வது ஹுவாங் சி என்னும் வேர். நம் ஊர்க் கடைகளில் பாக் கீ என்று மஞ்சள் சீவல்களாகக் கிடைக்கும். சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டினம் வகைக் கீமோவோடு இந்த வேர் சேர்ந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த 34 ஆய்வுகளை, 2815 நோயாளிகளை, 2006-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு அலசியது. பலன் இருப்பதுபோலத் தெரிந்தது. ஆனால் பெரும்பாலான ஆய்வுகளின் தரம் குறைவு, முறையான ஆய்வு வேண்டும் என்று அதை எழுதியவர்களே சொல்லிவிட்டார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். கீமோவை விட்டுவிட்டு வேரை நம்பும் அளவுக்கு அது ஆதாரமில்லை.

என் பயம் வேறு. சிஸ்பிளாட்டினே சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து. பெமெட்ரெக்செட் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் தளர்ந்தால் அது உடம்பிலேயே தங்கி ரத்த அணுக்களைக் குறைத்துவிடும். பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில், உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஃபாங் ஜி என்ற மூலிகைக்குப் பதிலாக, பெயரில் அதை ஒத்த குவாங் ஃபாங் ஜி கலந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்ததோடு நிற்கவில்லை, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கியது. ஒரு பெயர் மாறியதன் விளைவு இது.

நுரையீரல் புற்றுநோய்க்காரர்களுக்குக் காலில் ரத்தம் உறைவதும் உண்டு. அதற்கு வார்ஃபரின் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை எடுப்பவர் டாங் குய் என்ற சீன மூலிகை வேர் போட்ட சூப்பை வாராவாரம் குடித்தால் ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு கூடும். சமையலறையில் இருப்பதால் அதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆகவே, குடிக்கும் பொட்டலத்தை அப்படியே கொண்டு வாருங்கள். சின்சேயிடம் மூலிகைப் பெயர்களைச் சீன எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். நாங்கள் தேடிப் பார்த்துக்கொள்கிறோம். கடையில் வாங்கும் மாத்திரை என்றால் MAL என்று தொடங்கி, எண்களுக்குப் பிறகு T என்று வரும் மலேசியப் பதிவு எண் டப்பாவில் இருக்க வேண்டும். திட்டுவோம் என்று பயப்படாதீர்கள். யாராவது திட்டினால் என்னைப் போன்ற மருந்தாளரிடம் வந்து சொல்லுங்கள். பினாங்கு மாநிலத்தின் கெப்பாளா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் புற்றுநோயாளிகளுக்குத் துணைச் சிகிச்சையாக மூலிகை தரும் பிரிவே தொடங்கப்பட்டது. மறைத்துக் குடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

அங்கிளுக்கு அன்று கீமோ தள்ளிப்போனது. கஷாயத்தை நிறுத்தி, சலைன் ஏற்றி, அடுத்த முறை சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாக, சிறுநீரகத்தை அவ்வளவாகப் பாதிக்காத கார்போபிளாட்டினுக்கு மாற்றினார் டாக்டர். கிரியேட்டினினும் இறங்கியது. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றியதால், கிரியேட்டினினை ஏற்றியது சிஸ்பிளாட்டினா, அந்த ஃப்ளாஸ்க்கா என்று கடைசிவரை எங்களால் சொல்ல முடியவில்லை.