ஐ.ஐ.எஸ் கன்டெய்னர் ஓட்டிய உடனே ஏன் நின்றுவிடுகிறது?

‘சர்வர் கோர் இமேஜில் ஐ.ஐ.எஸ் நிறுவி, கடைசி வரியில் பவர்ஷெல்லில் டபிள்யூ3எஸ்விசி சர்வீஸைத் தொடங்கச் சொன்னேன். கன்டெய்னர் சில நொடிகளில் நின்றுவிடுகிறது, எக்சிட் கோடு 0. என்ன பிழை?’ என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

கன்டெய்னர் என்பது டாக்கர் என்ற கருவி தனியாக அடைத்து ஓட்டும் மென்பொருள் பொட்டலம், இமேஜ் அதன் அச்சு. ஐ.ஐ.எஸ் விண்டோஸின் வெப் சர்வர், டபிள்யூ3எஸ்விசி அதன் சர்வீஸ் பெயர். பவர்ஷெல் விண்டோஸின் கட்டளைக் கருவி. எக்சிட் கோடு, அதாவது முடியும்போது பிராசஸ் விட்டுச்செல்லும் எண், 0 என்றால் பிழையே இல்லை. சொன்ன வேலையை முடித்துவிட்டுத்தான் கன்டெய்னர் போயிருக்கிறது.

காரணத்துக்கு முன் இமேஜைப் பற்றி இரண்டு வார்த்தை. பல ஜி.பி. பிடித்தாலும் சர்வர் கோர்தான் (டெஸ்க்டாப் திரை இல்லாத விண்டோஸ் சர்வர்) வேண்டும். விண்டோஸ் சர்வர் 1709 பதிப்பிலிருந்து, அதைவிடச் சிறிய நானோ சர்வர் இமேஜில் ஐ.ஐ.எஸ் கிடையாது. ஹோஸ்டின், அதாவது கன்டெய்னரை ஓட்டும் கணினியின், விண்டோஸ் பில்ட் எண்ணையும் பாருங்கள். 17763 என்ற எண்ணுள்ள 2019 இமேஜ், 20348 எண்ணுள்ள 2022 ஹோஸ்டில் பிராசஸ் ஐசொலேஷனில் (ஹோஸ்டின் கெர்னலையே பகிரும் முறை) ஓடாது. ஹைப்பர்-வி ஐசொலேஷன் (தனி மெய்நிகர் கணினிக்குள் ஓட்டும் முறை) போட்டால் ஓடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். டாக்கர் கண்காணிப்பது என்ட்ரிபாயின்ட்டில் (கன்டெய்னர் எழும்போது ஓடும் கட்டளை) குறிப்பிட்ட ஒரே ஒரு பிராசஸைத்தான். அது முடிந்தால் கன்டெய்னரும் முடிந்தது. என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர்கள் தாமே அந்தப் பிராசஸாக முன்னால் நின்று ஓடும். ஐ.ஐ.எஸ் அப்படியல்ல, அது பின்னணியில் ஓடும் ஒரு விண்டோஸ் சர்வீஸ். ஒவ்வொரு விண்டோஸ் கன்டெய்னருக்குள்ளும் தனியாக ஒரு சர்வீஸ் மேலாளர் ஓடுகிறது. சர்வீஸைத் தொடங்குவது அதுதான். பவர்ஷெல் அதனிடம் ‘தொடங்கு’ என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறது. கடை திறந்திருக்க, சாவி கொடுத்தவர் போய்விட்டார் என்று ஷட்டரை இழுத்து மூடுகிறது டாக்கர்.

இதற்கு ‘பிங் -டி லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதி ஒப்பேற்றுபவர்கள் உண்டு. அது சுத்த ஏமாற்று வேலை. ஐ.ஐ.எஸ் செத்தாலும் பிங் ஓடிக்கொண்டே இருக்கும்.

மைக்ரோசாஃப்ட் தன் ஐ.ஐ.எஸ் இமேஜில் வைத்திருக்கும் சர்வீஸ்மானிட்டர் என்ற சின்ன நிரலை எனக்கு மிகவும் பிடிக்கும். என்ட்ரிபாயின்ட்டில் அதை வைத்து, டபிள்யூ3எஸ்விசி என்று பெயர் கொடுத்தால் போதும். சர்வீஸ் ‘ஓடுகிறது’ என்ற நிலையிலிருந்து மாறும்வரை காத்திருந்து, மாறியதும் தானும் வெளியேறும். கன்டெய்னரும் நிற்கும், ரீஸ்டார்ட் பாலிசி இருந்தால் மறுபடி எழும்.

இன்னொரு வேலையும் செய்கிறது. ‘டாக்கர் ரன் -இ’ மூலம் தரும் சூழல் மாறிகள் என்ட்ரிபாயின்ட் பிராசஸுக்குத்தான் போகும். உங்கள் தளத்தை ஓட்டும் டபிள்யூ3டபிள்யூபி என்ற பிராசஸ் அதன் பிள்ளை அல்ல, சர்வீஸ் மேலாளர் வழி வந்தது. அதற்கு அவை தெரியாது. அதனால் சர்வீஸ்மானிட்டர் அவற்றை டிஃபால்ட்ஆப்பூல் என்ற ஆப் பூலின் (தளத்தை ஓட்டும் பிராசஸ்களுக்கான தொகுப்பு) அமைப்பில் எழுதிவிட்டு சர்வீஸைத் தொடங்குகிறது. வேறு பெயரில் ஆப் பூல் வைத்தவர்கள் ‘கனெக்‌ஷன் ஸ்டிரிங் (டேட்டாபேஸோடு இணைக்கும் வரி) காலியாக வருகிறது’ என்று புலம்புவது இதனால்தான். புதிய பதிப்புகளில் பூலின் பெயரை இரண்டாவது ஆர்கியுமென்டாகக் கொடுக்கலாம்.

கன்டெய்னர் உள்ளே நுழைந்து ஐஐஎஸ்ரீசெட் (ஐ.ஐ.எஸ்ஸை நிறுத்தித் தொடங்கும் கட்டளை) அடிக்காதீர்கள். சர்வீஸ் ஒரு கணம் நிற்கும், கன்டெய்னர் போய்விடும். ஆப் பூலை மட்டும் ரீசைக்கிள் செய்யுங்கள். எதற்கும் ரீசெட்தான் மருந்து என்ற மூடநம்பிக்கை நம் சர்வர் அறைகளில் ஏராளம்.

சர்வீஸ்மானிட்டருக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. 5 நிமிடத்தில் 5 முறை செயலி விழுந்தால் ஐ.ஐ.எஸ் அந்த ஆப் பூலை நிறுத்திவிடும். எல்லாப் பக்கமும் 503 (‘சேவை கிடைக்கவில்லை’ என்ற பிழை) தரும், ஆனால் டபிள்யூ3எஸ்விசி ஓடிக்கொண்டேதான் இருக்கும். டாக்கர் பட்டியலிலும் ‘அப்’ என்றே காட்டும். ஆகவே இமேஜைக் கட்டும் டாக்கர்ஃபைலில் ஹெல்த்செக் வரி ஒன்றைச் சேர்த்து, கர்ல் என்ற கட்டளை மூலம் முகப்புப் பக்கத்தைக் கேட்க வையுங்கள். ‘-எஃப்’ கொடியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் 503 வந்தாலும் கர்ல் வெற்றி என்றே சொல்லும்.