திங்கட்கிழமை மட்டும் வேண்டாம் டீச்சர்

போன திங்கட்கிழமையும் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பள்ளி வந்துவிட்டது. இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்புமாக ஒரு வேன் நிறையப் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். கடிதம் எதுவும் இல்லை. "அரசு அலுவலகம் எப்படி நடக்குதுன்னு பிள்ளைங்களுக்குக் காட்டலாம்னு வந்தோம் சார்." அன்றைக்குக் காட்ட என்ன இருந்தது? மனு வரிசை, போலீஸ், வெயில். காவிரி டெல்டாவில் ஓர் ஆட்சியர் அலுவலகத்தில் வேலை பார்க்கிற எனக்கு இது புதிதில்லை. ஆனாலும் எரிச்சல் குறையவில்லை. நேரில் சொன்னால் கோபமாகத் தெரிகிறது என்பதால் எழுதிவிடுகிறேன்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். ஆசிரியர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அன்றைக்குக் கலெக்டர் கண்டிப்பாக இருப்பார் என்று கணக்குப் போட்டுத்தான் வருகிறார்கள். இருப்பார், உண்மைதான். ஆனால் பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று முதல் பஸ் பிடித்து வந்தவர்களுக்காக இருப்பார். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. இன்று மனு நாளில் வாசலிலேயே பைகளைத் துழாவுகிறார்கள், மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பாட்டிலைத் திறந்து முகர்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளையின் தண்ணீர் பாட்டிலுக்கும் அதே சோதனைதான். "ஏன் டீச்சர் மோந்து பாக்குறாங்க?" என்று அது கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

சரி, கிழமையை விடுங்கள். மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாமல் ஊறிப்போனது இன்னொன்று: கலெக்டரோடு போட்டோ எடுத்தால்தான் களப்பயணம் முழுமை என்ற எண்ணம். "ஒரே ஒரு நிமிஷம் சார், ஐயாவப் பாத்துட்டு ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிடுறோம்." அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பிள்ளைகள் வராந்தாவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதை நான் பார்க்கிறேன். ஆய்வுக் கூட்டம் நீளும், காணொலிக் கூட்டம் வரும், திடீரென்று எங்கோ ஆற்றங்கரை உடைப்பு என்று கலெக்டர் கிளம்பிவிடுவார். அவர் கிளம்பினால் பயணமே தோல்வி என்று நினைத்துக்கொண்டு, பக்கத்து அறையில் நடக்கும் எதையும் பார்க்காமல் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிவிடுகிறீர்கள். அவர் வந்தாலும் என்ன ஆகிறது? நல்லாப் படிக்கணும் என்பார், சாக்லேட் கொடுப்பார், போட்டோ பள்ளி வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். அலுவலகம் என்ன செய்கிறது என்பது பிள்ளைக்குக் கடைசிவரை தெரியாது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கலெக்டர் என்றால் மழைக்கு லீவு விடுகிறவர். போட்டோ எடுத்த பிறகும் அவ்வளவுதான் தெரியும்.

அந்த மழை லீவிலிருந்தே ஆரம்பிக்கலாமே? பேரிடர் கட்டுப்பாட்டு அறையைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். 1077 என்ற எண்ணுக்கு அழைத்தால் மணி அடிக்கும் இடம் அது. எந்த ஊரில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்ற கணக்கு அங்கே வருகிறது. லீவு யோசனை அந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது என்று சொன்னால் கடைசி வரிசைப் பையன்கூட நிமிர்ந்து உட்காருவான். அடுத்து தபால் பிரிவு. பிள்ளைகளையே ஒரு மனு எழுதச் சொல்லுங்கள், பள்ளிக்கு ஒரு குடிநீர்க் குழாய் வேண்டும் என்பதுபோல, உண்மையான தேவையாக. கொடுத்து ரசீது வாங்கட்டும். அந்தத் தாள் எந்த மேசைக்குப் போகிறது, யார் எண் போடுகிறார், யார் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது என்று பின்னாலேயே நடந்து பார்க்கட்டும். பதில் பள்ளிக்கு வரும் நாளில் அதை வகுப்பில் வாசியுங்கள். (பெரியவர்களின் சண்டையைச் சீருடைப் பிள்ளையின் கையில் மனுவாகக் கொடுத்து அனுப்பும் பழக்கமும் சில ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைக் களப்பயணம் என்று சொல்லாதீர்கள்.)

என்னைக் கேட்டால், ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை உள்ளவர்களுக்கு ஆட்சியர் அலுவலகத்தைவிடத் தாலுகா அலுவலகமே மேல். பக்கத்தில் இருக்கிறது, கூட்டம் குறைவு, அவர்கள் ஊரின் கிராம வரைபடத்தை விரித்துக் காட்ட ஆள் இருக்கிறது. தன் ஊர்க் குளத்தையும் வாய்க்காலையும் கோடுகளாகப் பார்க்கும்போது பிள்ளைகள் போடும் சத்தத்துக்குத் தாசில்தாரே எழுந்து வருவார். ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் வருடாந்திரத் தணிக்கை, நடக்கும் மே, ஜூன் மாதங்களில் மட்டும் அங்கே போகாதீர்கள். வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் 30-ல் முடிகிறது, எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

சில பள்ளிகள் நேராகச் சென்னைக் கோட்டைக்கே போகலாம் என்று கேட்கின்றன. தஞ்சாவூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். சட்டமன்றம் எல்லா நாளும் கூடுவதில்லை. கூடும் நாளில் பாதுகாப்பு இறுகிவிடும். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம் மத்திய தொல்லியல் துறையுடையது, அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஓமந்தூரார் வளாகத்துப் புதிய தலைமைச் செயலகத்தைக் காட்டணும் என்று ஒருவர் கேட்டார். 2010-ல் திறந்த அந்தக் கட்டடம் 2014-லிருந்து மருத்துவமனை! தஞ்சாவூரின் பழைய ஆட்சியர் அலுவலகமும் இப்போது அருங்காட்சியகம்தான். அதையும் பாருங்கள், தரங்கம்பாடியில் 1620-ல் கட்டிய டேனிஷ் கோட்டையையும் பாருங்கள், நல்லதுதான். ஆனால் வேலை நடக்கிற அலுவலகத்தைக் காட்டிவிட்டோம் என்று பயண அறிக்கையில் எழுதாதீர்கள்.

இப்போது கடிதம். வட்டாரக் கல்வி அலுவலரின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் எல்லாம் உங்கள் துறை வழக்கம், அதை நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு வரும் கடிதம் மாவட்ட ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (பொது) பெயருக்கு, இரண்டு வாரம் முன்னால் வரட்டும். எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, கூட வரும் பெரியவர்கள் யார், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எந்தப் பிரிவுகளைப் பார்க்க ஆசை, ஒரு கைபேசி எண். ஒரு பக்கம் போதும். கொடுத்ததோடு போய்விடாமல் ந.க. எண்ணை, அதாவது உங்கள் கடிதத்துக்கு நாங்கள் போடும் பதிவு எண்ணை, கேட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் "அன்னைக்கே குடுத்தோமே சார்" என்றால் என்னால் தேட முடியாது.

நாள் குறிக்கும்போது நம் மண்ணின் காலத்தையும் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அலுவலகத்தில் பாதிப் பேர் வெளியில் இருப்பார்கள், மீதிப் பேர் போனில் இருப்பார்கள். சம்பா அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையப் பிரச்சினைகள் வாசலுக்கே வந்துவிடும். விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் என்றைக்கு என்று கேட்டு அந்த நாளைத் தவிருங்கள். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் முந்தைய வாரம் வேண்டாம். ஜூலை, அல்லது செப்டம்பர். செவ்வாயோ வியாழனோ. காலை பத்தரைக்கு வந்தால் பன்னிரண்டரைக்குள் முடிக்கலாம், அதற்கு மேல் அந்த வயதுப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள்.

காலை உணவுத் திட்டத்தில் சாப்பிடும் பிள்ளைகளை அதற்கு முன்பே வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். சாப்பிடட்டும், பிறகு கிளம்புங்கள். மதியம் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சத்துணவு அமைப்பாளரிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவராவது வேண்டும், அதில் ஒரு பெண் கட்டாயம். லோடு ஆட்டோ கூடவே கூடாது, அதுவும் நம் வாய்க்கால் கரைச் சாலைகளில்! அடையாள அட்டையில் பள்ளியின் பெயரும் ஆசிரியரின் எண்ணும் இருந்தால் போதும். பிள்ளையின் பெயரைப் பெரிதாக எழுதித் தொங்கவிட்டால் முன்பின் தெரியாதவர்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். உள்ளே நுழைந்ததும் முதலில் கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். அடுத்து இரண்டாவது மாடிப்படி எங்கே என்று கேளுங்கள். 2004-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீயில் பறிகொடுத்தவர்கள் நாம், எந்தக் கட்டடத்திலும் அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கருவூலத்தின் பக்கம் ஓட விடாதீர்கள், அங்கே துப்பாக்கியோடு காவல் இருக்கும். மனு கொடுக்க வந்தவர்களைப் பிள்ளைகளும் படம் எடுக்கக் கூடாது, நீங்களும் எடுக்கக் கூடாது. கிழிந்த துண்டோடு நிற்கும் ஒரு தாத்தா உங்கள் ஸ்டேட்டஸுக்காக வந்தவர் இல்லை.

இன்னொன்று, கெஞ்சியே கேட்கிறேன். முந்தைய நாள் மாலை ஒரு போன் போடுங்கள். அமைச்சர் வருகிறார் என்று எங்களுக்கே சாயங்காலம்தான் தெரியவரும் நாட்கள் உண்டு. வேண்டாம் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் வேறு தேதி கேளுங்கள், அதே ந.க. எண்ணிலேயே மாற்றித் தருகிறோம்.