தத்துவம் படித்தால் பிள்ளை சாமியார் ஆகிவிடாது

சேர்க்கைக் காலம் வந்தாலே, தத்துவம் எதற்கு என்ற பேச்சு எனக்குத் தவறாமல் வந்து சேரும். நான் வணிகவியல் ஆசிரியர், கல்லூரியில் மாணவர் ஆலோசகரும்கூட. பி.பி.ஏ. சேர்ந்த ஒரு பெண், கூடவே தத்துவத்தில் தொலைநிலைப் பட்டம் படிக்க ஆசைப்பட்டு அப்பாவோடு வந்தாள். எதற்காகப் படிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "பிசினஸ் படிக்கிற பொண்ணுக்கு வேதாந்தம் எதுக்கு சார்?" அடுத்து வந்த பையனுக்கு வீட்டில் தடையே இல்லை. முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தான். பார்த்தால், அவன் சேர்ந்த தொலைநிலைப் படிப்புக்கு அந்த ஆண்டு அங்கீகாரமே இல்லை. இந்த இரண்டையும் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்த வேதாந்தப் பயம். தத்துவம் என்றதும் நம் வீடுகளில் காவி, தாடி, மலையேறிப் போவது என்று ஒரு படம் ஓடுகிறது. தயவுசெய்து பாடத்திட்டத்தை ஒருமுறையாவது திறந்து பாருங்கள். வேதாந்தம் அதில் ஒரு பகுதிதான். ஆன்மா, மறுபிறவி எதையுமே ஏற்காத சார்வாகம் என்ற பிரிவும் அதே பாடத்தில் இருக்கிறது. நியாயம் என்ற இந்தியத் தத்துவப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அறிவு எப்படிக் கிடைக்கிறது, எந்த ஆதாரத்தை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் அதன் பெரிய கவலை. நேரில் கண்டது, ஊகித்து அறிந்தது, ஒப்பிட்டு அறிந்தது, நம்பத்தகுந்தவர் சொன்னது என்று நான்கு வழிகளைப் பிரித்து வைத்து ஆராய்கிறார்கள். கணக்குத் தணிக்கை படிப்பவர்களுக்கு இது பழக்கப்பட்ட கேள்வியாகத் தெரியும். தணிக்கைச் சான்றுகளுக்கென்றே எஸ்.ஏ. 500 என்று ஒரு தரநிலை இருக்கிறது. ஆடிட்டர் தானே கண்ணால் பார்த்த சரக்குக்கும், நிர்வாகம் "இருக்கிறது" என்று வாயால் சொன்ன சரக்குக்கும் ஒரே எடை கிடையாது.

அப்புறம் தர்க்கவியல். ஒரு வாதத்தில் எது ஆதாரம், எது முடிவு, அந்த ஆதாரத்திலிருந்து அந்த முடிவு உண்மையிலேயே வருகிறதா என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சி. "தீபாவளிக்கு விளம்பரம் கொடுத்தோம், விற்பனை கூடியது, ஆகவே விளம்பரம் வெற்றி" என்று எழுதிய ப்ராஜெக்ட் அறிக்கைகளை நான் வருடா வருடம் வாசிக்கிறேன். தீபாவளிக்கு விளம்பரம் இல்லாமலும் விற்பனை கூடுமே என்ற கேள்வி எழுதியவருக்கும் தோன்றுவதில்லை, சில சமயம் கையெழுத்துப் போட்ட வழிகாட்டிக்கும் தோன்றுவதில்லை. தர்க்கவியல் ஒரு பருவம் ஒழுங்காகப் படித்த மாணவர் இப்படி எழுத மாட்டார்.

அறவியலும் வியாபாரத்துக்கு வெளியே இருக்கும் விஷயமல்ல. இணையக் கடையில் நீங்கள் கேட்காத பொருளைக் கூடையில் தானாகச் சேர்த்துவிடுவது, ரத்து செய்யும் பொத்தானை ஒளித்து வைப்பது போன்ற 13 தந்திரங்களைப் பட்டியலிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அவை கூடாது என்று சட்டப் பாடம் சொல்லித்தரும். ஏன் கூடாது, ஒருவர் "சம்மதித்தார்" என்று எப்போது சொல்லலாம், மனிதரை வெறும் கருவியாக நடத்துவது என்றால் என்ன என்பதை ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டைப் படித்தவர் பேசுவார். பட்டியலில் இல்லாத 14ஆவது தந்திரத்தோடு மேலாளர் வந்து நிற்கும்போது உதவப்போவது அந்தப் பேச்சுதான்.

தத்துவமும் வணிகமும் சேராது என்பவர்களுக்கு இன்னொன்று. ஆடம் ஸ்மித் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறவியல் பேராசிரியராக இருந்தவர். அறவுணர்வுகள் பற்றிய அவருடைய நூல் 1759இல் வந்தது, பொருளியல் நூல் 1776இல்தான். பி.பி.ஏ. மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஸ்டேக்ஹோல்டர் கோட்பாட்டை (நிறுவனத்தோடு தொடர்புடைய எல்லோரின் நலனையும் பார்க்க வேண்டும் என்பது) 1984இல் பிரபலமாக்கிய எட்வர்ட் ஃப்ரீமன் முனைவர் பட்டம் வாங்கியது தத்துவத்தில். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம், அரசியல், பொருளியல் மூன்றையும் சேர்த்தே ஒரு பட்டமாக நூறாண்டுக்கும் மேலாக நடத்துகிறார்கள்.

அதே சமயம் மாணவர்களே, தத்துவப் பட்டத்தைப் பார்த்து கேம்பஸில் யாரும் வேலை தரமாட்டார்கள். தெளிவாக எழுதுவதும், எதிர்க்கேள்விக்குக் கலங்காமல் பதில் சொல்வதும்தான் உங்களுக்குக் கிடைக்கும். குடிமைப் பணித் தேர்வுக்கும் உதவும். அங்கே 2013 முதல் அறவியலுக்கு 250 மதிப்பெண்ணில் தனித் தாளே இருக்கிறது, தத்துவத்தை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். ஆனால் ரெஸ்யூமேயில் ஒரு வரி கூடட்டும் என்பதற்காக மட்டும் சேராதீர்கள்.

சரி, சேரும் வழி. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டையும் நேரடியாகப் படிக்கலாம். ஒன்று நேரடி, மற்றது தொலைநிலை அல்லது ஆன்லைன் என்றும் படிக்கலாம். ஷிஃப்ட் முறை இருக்கும் கல்லூரியில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்பது காகிதத்தில் அழகாக இருக்கும். இரண்டிலும் வருகைப்பதிவு வேண்டும், இரண்டிலும் இன்டர்னல் வேண்டும். அசல் டி.சி.யோ ஒன்றுதான், அது முதல் கல்லூரியிடம் போய்விடும். இரண்டாவது இடத்தில் அதற்கு என்ன செய்வார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆபீஸில் யாரோ "பாத்துக்கலாம் சார்" என்றது பதில் ஆகாது.

பெரும்பாலானவர்களுக்குத் தொலைநிலைதான் சரிப்படும். அதில் சேருமுன் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு, அந்தச் சேர்க்கைப் பருவம் மூன்றுக்கும் அனுமதி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியது என்பதால் எல்லாப் படிப்புக்கும் அனுமதி இருப்பதாக ஆகிவிடாது. அந்தப் பையன் மாட்டிக்கொண்டது இதில்தான். "ஒரே வருடத்தில் டிகிரி" என்று போஸ்டர் ஒட்டுபவரிடம் பேச்சே வேண்டாம்.

இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் சேர்ந்தால் பருவ இறுதித் தேர்வுகள் ஜூன், டிசம்பரில் வரும். நம் கல்லூரி செமஸ்டர் தேர்வு டிசம்பர் வரை நீண்டால் இரண்டும் முட்டும். அசைன்மென்ட்டுக்கே 30 சதவீதம், அதைக் கடைசி வாரத்தில் அவசர அவசரமாகக் காப்பி அடித்து அனுப்பாதீர்கள். சி.ஏ. படிப்பின் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியில் இருப்பவர்கள் வேறு படிப்புக்கு ஃபார்ம் 112 வழியாக அனுமதி வாங்க வேண்டும். சொல்லாமல் படித்துவிட்டுப் பிறகு என்னிடம் வந்து பயனில்லை.

முழுப் பட்டம் சுமை என்று தோன்றினால் மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் ஒரே ஒரு தத்துவப் பாடம் எடுங்கள். உங்கள் கல்லூரி அந்தக் கிரெடிட்டை ஏற்குமா என்று பதிவு செய்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் கேட்டுவிடுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இக்னோவின் பாடப்புத்தகங்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தர்க்கவியலிலோ அறவியலிலோ ஒரு பாடத்தை இறக்கி, பிள்ளையோடு உட்கார்ந்து நீங்களும் படியுங்கள். ஒரு வாரம் போதும். அதற்குப் பிறகும் பிள்ளைக்கு ஆசை குறையவில்லை என்றால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.